இறகு விழாத படம்

இஸ்மானிங்
அக்டோபர் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

ரேசி எழுதுகிறேன். நேற்று தொலைபேசியில் நீங்கள் இருமத் தொடங்கியதும் நான்தான் இணைப்பைத் துண்டித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இனி நாம் எழுதிக்கொள்வோம் அப்பா. எழுதுவதற்கு மூச்சு வேண்டாம். பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்திப் பழகிய கை உங்களுடையது, என் கடிதத்தையும் விட்டுவைக்காது. சிவப்பு மையில் தாராளமாகக் கோடு போடுங்கள்.

வீட்டில் எல்லாரும் நலம். எல்லாரும் என்றால் நானும் அம்மாவும்தான். ஞாயிற்றுக்கிழமை உங்களைப் போலவே உருளைக்கிழங்கு உருண்டை செய்தேன். தண்ணீர் கொதித்ததும் உருண்டைகள் அத்தனையும் கரைந்துபோயின. அம்மா ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, "சூப் நல்லா இருக்குடி" என்றாள். அவள் பகடி செய்யவில்லை என்பதுதான் துயரம்.

விடுமுறைக்குப் பள்ளியில் கேட்ட வேலைப் பயிற்சியை அம்மாவின் ஆய்வுக்கூடத்திலேயே செய்கிறேன். இத்தனை வருடமாக அம்மா என்ன செய்கிறாள் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. சாதாரண எக்ஸ்ரே, கதிர் எங்கே தடுக்கப்படுகிறது என்று மட்டும் பார்க்கும். அதனால் எலும்பு தெரியும். நுரையீரல் பெரும்பாலும் காற்று என்பதால் அதில் சொல்ல எதுவும் இருக்காது. அம்மாவின் கருவி, கதிர் எங்கே கொஞ்சம் வளைகிறது, எங்கே சிதறுகிறது என்று பார்க்கிறது. அதற்காகக் கதிரின் வழியில் மூன்று கீற்றணிகளை நிறுத்தியிருக்கிறார்கள். கீற்றணி என்றால் சீப்பு மாதிரி. அதன் பற்கள் தலைமுடியைவிட மிக மெல்லியவை; இரண்டு சீப்புகளில் தங்கப் பற்கள். ஒரு சீப்பு கதிரை மெல்லிய கோடுகளாகப் பிரிக்கிறது. அடுத்தது அந்தக் கோடுகளால் ஒரு கோலம் போடுகிறது. கடைசிச் சீப்பு அந்தக் கோலம் எங்கே கலைந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிறது. நல்ல நுரையீரலில் நுரை போலக் கோடிக்கணக்கான காற்றுப் பைகள் இருப்பதால் கதிர் சிதறும். படத்தில் பளிச்சென்று ஒளிரும். பைகள் உடைந்துபோன இடம் இருட்டாக இருக்கும்.

உங்கள் படம் எப்படி இருக்கும் என்று நான் அம்மாவிடம் கேட்கவில்லை.

இந்த ஞாயிறும் அவளால் வர முடியாதாம். "அடுத்த வாரம் கண்டிப்பா" என்றாள். நீங்கள் மலை மருத்துவமனைக்குப் போனதிலிருந்து அவள் ஒருமுறைகூட வரவில்லை. நான் குறை சொல்லவில்லை. சொல்கிறேன்தான்.

அன்பு முத்தங்களுடன்,
ரேசி


மலை மருத்துவமனை
நவம்பர் 4

கண்ணு ரேசிக்கு,

இரண்டே பிழைகள்தான். இரண்டையும் மன்னித்தேன். உருண்டை கரையாமல் இருக்க, மாவு கொஞ்சம் ஆறிய பிறகு பிடிக்க வேண்டும். நீ என்னைப் போலவே அவசரக்காரி.

ஞாயிறு நீ வந்துபோன பிறகு பக்கத்துக் கட்டில் ஸெப் மாமா சொன்னார்: "உம்ம பொண்ணு ஒரு மணி நேரத்துல ஒரு வருஷத்துக்குப் பேசிட்டுப் போயிட்டா. எனக்கே மூச்சு வாங்குது." அவருக்கும் என் வியாதிதான். காட்டு இலாகாவில் வேலை பார்த்தவர். என்னைவிட நன்றாக மூச்சு விடுகிறார், அதில் அவருக்கு ஒரே பெருமை.

உன் அம்மாவின் கருவிக்கு வசந்தத்தில் நோயாளிகள் தேவை என்று இங்கே அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நானும் ஸெப்பும் பெயர் கொடுத்திருக்கிறோம். அம்மாவிடம் சொல்லாதே. படம் எடுத்து முடியும்வரை ஏழு விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டுமாம். தினமும் காலையில் பழகுகிறேன். ஸெப் எண்ணுகிறார். நேற்று ஏழையும் தாண்டிவிட்டேன் என்று மகிழ்ந்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தத் திருடர் நான் திணறுவதைப் பார்த்து வேகமாக எண்ணியிருக்கிறார். "என் விநாடி இவ்வளவுதான் நீளம்யா, காட்டுல அப்படித்தான்" என்றார்.

இத்துடன் ஓர் இறகு வைத்திருக்கிறேன். எங்கள் மாடிக்கு ரொட்டித் துணுக்குக் கேட்டு வரும் மலைக்காகத்தினுடையது. அதைக் கருவியில் வைத்துப் பார். அதுவும் பெரும்பாலும் காற்றுதானே.

அம்மாவைக் கட்டாயப்படுத்தாதே. அவளாக வரட்டும்.

அப்பா


இஸ்மானிங்
நவம்பர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று மார்ட்டின் திருநாள். சின்னப் பிள்ளைகள் விளக்கேந்தி நம் தெருவில் போனார்கள். நானும் அம்மாவும் ஜன்னலில் நின்று பார்த்தோம். அம்மா அவர்களைப் பார்க்காமல் விளக்குகளின் காகிதத்தைப் பார்த்து, "ஒளி எப்படிச் சிதறுது பாரு" என்றாள்.

இறகுக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். பயிற்சி முடிந்துவிட்டாலும் பள்ளி விட்டதும் அங்கேதான் போகிறேன். அம்மாவின் உதவியாளர் கோர்பினியன் அண்ணன், "எடுத்துட்டு வா, பார்த்துடுவோம்" என்றார். இறகைத் தாங்கியில் ஒட்டிவிட்டு, ஈயக் கதவுக்கு வெளியே வந்து நின்றேன். படம் வந்தது. இறகே இல்லை! திரை முழுக்க ஒரே சாம்பல்.

"பறந்து போயிடுச்சு போல" என்றார் அண்ணன். திறந்து பார்த்தால் தாங்கியில் இறகு அப்படியே இருக்கிறது.

அம்மா வந்து பார்த்தாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "வெறும் படம் எடுக்கறப்போ இறகு உள்ள இருந்துச்சா?" என்று கேட்டாள். இருந்தது அப்பா. பொருளை வைப்பதற்கு முன்னால் எதுவும் இல்லாமல் ஒரு படம் எடுப்பார்கள். சீப்புகளில் உள்ள கோணல், வளைவு எல்லாம் அதில் பதியும். பிறகு எடுக்கும் படத்திலிருந்து அவற்றையெல்லாம் கழித்துவிடலாம். அண்ணன் அந்த வெறும் படத்தை எடுப்பதற்கு முன்பே நான் இறகை ஒட்டிவிட்டேன். ஆகவே கருவி இறகையும் தன்னுடைய கோணல்களில் ஒன்றாக நினைத்துக் கழித்துவிட்டது.

"எப்பவும் இருக்கறது இதுக்குத் தெரியாது ரேசி" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. இறகைத் தாங்கியிலிருந்து அவளே பிரித்து எடுத்தாள். யார் கொடுத்தது என்று கேட்டாள். சொன்னேன். கையில் வைத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். எனக்கு இன்னும் திருப்பித் தரவில்லை.

ரேசி


மலை மருத்துவமனை
நவம்பர் 21

கண்ணு ரேசிக்கு,

இங்கே முழங்கால்வரை பனி. தாமதமாக எழுதுகிறேன். இப்போது எழுதவும் மூச்சு வாங்குகிறது. எழுத மூச்சு வேண்டாம் என்று நீ சொன்னது தப்பு.

உன் இறகுக் கதையை ஸெப்புக்கு வாசித்துக் காட்டினேன். "நம்ம வீட்டுலயும் நான் அப்படித்தான்யா இருந்தேன், பீரோ மாதிரி" என்றார். நான் சிரித்தேன். இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டும் இருந்தேன். உன் அம்மா வீட்டுக்கு வரும்போது அடுப்பில் ஏதாவது இருக்கும், நான் மேசையில் பிழை திருத்திக்கொண்டிருப்பேன். பதினாறு வருடம் அப்படி. அவள் என்னைப் பார்க்கவில்லை என்று நீ நினைக்காதே. நான் அவளுடைய வெறும் படத்திலேயே இருந்திருக்கிறேன். அது மரியாதைக்குரிய இடம்தான்.

ஆனாலும் ஒருமுறை என்னைத் தனியாகப் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. இதை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

மூச்சுப் பயிற்சியை நிறுத்திவிட்டேன். ஸெப் எவ்வளவு வேகமாக எண்ணினாலும் நாலுக்கு மேல் போகவில்லை.

அப்பா


இஸ்மானிங்
டிசம்பர் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கவனமாக வாசியுங்கள். முக்கியமானது.

வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூடத்தில் பெரிய சண்டை. கோர்பினியன் அண்ணன் கத்தியே விட்டார்: "ஏழு விநாடின்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு மேடம். கருவி ரெடி. கோடையிலேருந்து அதை நாலு விநாடியாக்குறேன்னு மறுபடி மறுபடி வரையறீங்க. எந்த மகாராசா வரப் போறாரு உங்களுக்கு?"

கீற்றணிகளைப் பெரிதாகச் செய்ய முடியாது அப்பா. சின்னச் சின்னத் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒரு பட்டையாக்கி, அந்தப் பட்டையை நெஞ்சின் குறுக்கே துடைப்பதுபோல் நகர்த்துவார்கள். சீக்கிரம் முடிய வேண்டும் என்றால் பட்டை அகலமாக வேண்டும். அதற்கு இன்னும் நிறையத் துண்டுகள் வேண்டும். கதிர் ஓரங்களில் மறையாமல் இருக்க எல்லாவற்றையும் வில் மாதிரி வளைக்கவும் வேண்டும். பாதித் துண்டுகள் விரிசல் விட்டுத்தான் வருகின்றன. அம்மா ஒவ்வொரு ஞாயிறும் அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

அம்மா கத்தவில்லை. "மூச்சைப் பிடிக்க முடியாதவனுக்குத்தானே இந்தப் படமே வேணும் கோர்பினியன். ஏழு விநாடி பிடிக்கறவன் எதுக்கு இங்க வரான்?" என்றாள். அப்புறம் மெதுவாக, "அவனால நாலுதான் முடியும்" என்றாள்.

நான் சொல்லவே இல்லை அப்பா, சத்தியமாக. நீங்கள் வீட்டில் படியேறும்போதெல்லாம் அவள் உங்கள் மூச்சை எண்ணியிருக்கிறாள்.

காய்ச்சல் பரவுவதால் இனி வாரத்துக்கு ஒரே ஒருவர்தான் உங்களைப் பார்க்கலாம் என்று மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது. இந்த ஞாயிறு என்னுடையது. அதை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். "பட்டை முடியட்டும், அப்புறம் போறேன்" என்றாள். "பட்டை காத்திருக்கும்மா" என்றேன். நான் அவளிடம் இப்படிக் குரல் உயர்த்தியதே இல்லை. அவள் பேருந்து நேரம் பார்த்தாள்.

சட்டையை மாற்றிக்கொள்ளுங்கள். நீலம் போடுங்கள்.

ரேசி


மலை மருத்துவமனை
டிசம்பர் 15

கண்ணு,

வந்தாள். நீலம்தான் போட்டேன்.

இறகின் படத்தைக் கொண்டுவந்தாள். இந்தமுறை சரியாக எடுத்திருக்கிறாள். ஒவ்வொரு இழையும் வெள்ளியாக ஒளிர்கிறது. சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

"மெலிஞ்சுட்ட கெப்ஹார்ட்" என்றாள். "படத்துல இருட்டாத்தான் விழுவேன்" என்றேன். "விழு. நான் பார்த்துக்கறேன்" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஸெப் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் நடித்தார். குறட்டையை மிகைப்படுத்திவிட்டார்.

உன் ஞாயிறை எடுத்துக்கொண்டோம். அடுத்த ஞாயிறு நீ வா. நிறையப் பேசு.

அப்பா


இஸ்மானிங்
ஜனவரி 14

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடைசிக் கடிதம் அந்த வாரம் வெள்ளிக்கிழமைதான் வந்தது. நீங்கள் புதன்கிழமையே போய்விட்டீர்கள். அதனால் அது முதலில் எனக்குப் புரியவில்லை. "அடுத்த ஞாயிறு நீ வா" என்று உங்கள் கையெழுத்தில் இருந்ததால், ஒரு நிமிடம் பேருந்து நேரத்தைக்கூட யோசித்தேன்.

என் ஞாயிறைக் கொடுத்ததற்கு நான் வருந்தவில்லை என்று எல்லாரிடமும் சொல்கிறேன். பள்ளியிலும் அப்படித்தான் சொன்னேன். உங்களிடம் பொய் சொல்ல முடியாது. வருந்துகிறேன் அப்பா. நீலச் சட்டையில் உங்களைப் பார்க்கவில்லை. சொல்வதற்கு ஒரு மூட்டை வைத்திருந்தேன், அதை எங்கே இறக்குவது என்று தெரியவில்லை. மறுபடியும் அந்த ஞாயிறு வந்தால் மறுபடியும் கொடுப்பேன் என்பதும் உண்மை. இரண்டும் உண்மையாக இருப்பதுதான் கஷ்டம்.

அம்மா பட்டையை முடித்துவிட்டாள். நாலு விநாடி. முடித்த அன்று யாரும் கை தட்டவில்லை. கோர்பினியன் அண்ணன் மட்டும் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார். வசந்தத்தில் ஸெப் மாமா வருகிறார். "உன் அப்பன் இடத்துக்கு நான் வரல, என் இடத்துக்குத்தான் வரேன்னு உன் அம்மாகிட்ட சொல்லு" என்று அட்டை எழுதியிருந்தார். அம்மாவிடம், அன்றைக்கு ஒலிபெருக்கியில் நான் எண்ணட்டுமா என்று கேட்டேன். "மெஷினுக்கே நேரம் தெரியும்டி" என்றாள். பிறகு, "சரி, எண்ணு. கொஞ்சம் வேகமா எண்ணு" என்றாள்.

இன்னொன்று. நடையில் உங்கள் பழுப்புக் கோட்டு கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் மலைக்குப் போன நாளிலிருந்து அதைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்குப் போனேன். ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. நேற்று தேவாலயத்தில் துணி சேகரிப்பதற்காக அம்மா அதை எடுத்துத் தூசி தட்டி, மடித்துப் பெட்டியில் வைத்தாள். சுவரில் வெறும் கொக்கி.

அதற்குப் பிறகு நான் அந்த நடையைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டேன். முழங்கையில் தேய்ந்த இடம், வலது பையில் சிவப்புப் பேனா துருத்தியிருந்த புடைப்பு, கழுத்துப்பட்டி ஒருபக்கம் மடங்கியிருந்தது, எல்லாம் அந்த வெறும் சுவரில் இருந்தன. அம்மா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் கொக்கியைத்தான் பார்த்தாள்.

"தெரியுதாடி?" என்றாள்.

"தெரியுதும்மா" என்றேன்.

உங்கள்,
ரேசி