கிடை போட்ட துண்டு

1963, வைகாசி 4.

நான் சொல்ல, மகள் எழுதுகிறாள்.

மூத்தவன் மண் ஆராய்ச்சி செய்கிறான். எரு போடாத மண்ணில் கரிச்சத்தும் தழைச்சத்தும் எம்புட்டுக் குறைகிறது என்று பார்க்க, நம்ம கரிசலில் ஒரு துண்டை மூணு வருசமாகச் சும்மா போட்டிருந்தான். படிப்புப் பட்டத்துக்கு எழுத இந்த வருச மண்தான் பாக்கி. அந்தத் துண்டு மெலிந்து கிடந்தது எனக்குப் பொறுக்கவில்லை. ஆடு மேய்க்கிற கீதாரியிடம் சொல்லி, எருவுக்காக ரெண்டு ராத்திரி ஆடுகளை அதில் அடைத்துக் கிடை போட்டுவிட்டேன்.

இன்று திருத்தங்கலில் பஸ் இறங்கி வந்தவன், புழுக்கையைப் பார்த்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஏலே, கூட்டி அள்ளிருதேன்" என்றேன்.

"மூத்திரம் மண்ணுக்குள்ள எறங்கிருச்சேய்யா, அதை எப்படி அள்ளுவீக?"

ஏசியிருந்தால்கூடத் தேவலை. மண் எடுக்கக் கொண்டுவந்த பையை வெறும் பையாகவே மடித்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டான். இனி அந்தத் துண்டை நான் தொடாமல் இருப்பது ஒன்றுதான் அவனுக்குச் செய்யக்கூடியது. அதுதான் எனக்கு வராத வேலை.