ஒற்றைப் பூ மிச்சம்

செப்டம்பர் 23, 2018. ஞாயிறு

நாட்டுக்கு நூறு வயதான வருஷம். கோடை மழை பொய்த்தும் ஆப்பிள் மட்டும் கிளை முறியக் காய்த்த வருஷம். இன்று போப்பாண்டவர் கௌனஸுக்கு வந்தார். ஊரே தொலைக்காட்சி முன்னால். அந்த நேரம் பார்த்துக் கிளப் மேலாளர் கூப்பிட்டான். எங்கள் ‘கரடிகள்’ கூடைப்பந்து கிளப்பை மூடுகிறார்கள். டிசம்பர் 15 கடைசி ஆட்டம்.

"முதல் அணியில மிச்சம் நீங்க ரெண்டு பேருதான், ஃபெலிக்சாஸ் ஐயா. நடு வட்டத்துல சேர்ந்து நிக்கணும்."

"லுத்விகஸ்கூடவா?"

"பூ குடுப்போம்."

பூவாம்.

செப்டம்பர் 30

கிளப் பிறந்தது ககாரின் விண்ணுக்குப் போன வருஷம், ரூபிள் நோட்டு மாறிய வருஷம். நார் ஆலையின் உலர்த்தும் கொட்டகையில் இரண்டு வளையம் அடித்தோம். பந்து ஒரு துள்ளல், ஆட்டக்காரன் ஒரு தும்மல் — அவ்வளவு தூசி. சின்ன வயதில் குடும்பத்தோடு நாடு கடத்தப்பட்ட நான் சைபீரியாவிலிருந்து திரும்பியிருந்தேன். அங்கே எனக்குக் கோடரிதான் பள்ளிக்கூடம்.

ஜெர்சியில் எண் தைத்தவள் நூற்புப் பிரிவு ஸ்தெஃபானியா. என் ஒன்பதைத் தலைகீழாகத் தைத்துவிட்டாள். முதல் ஆட்டத்தில் அணியில் இரண்டு ஆறு. நிஜ ஆறு லுத்விகஸ். நான் இடித்த இடியெல்லாம் அவன் பேரில் ஏறி, பாதி ஆட்டத்தில் அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

"டேய் மரவெட்டி, முதுகைக் கழட்டிப் பாருடா!"

அன்று திரும்பும் பஸ்ஸில், பனி படிந்த கண்ணாடியில் விரலால் எனக்கு எழுத்து காட்ட ஆரம்பித்தான். இந்த நோட்டில் இருப்பது அந்தக் கண்ணாடி எழுத்துதான்.

அக்டோபர் 14

ரஷ்யர்கள் போனார்கள், ஆலையும் போனது, கிளப் மட்டும் நிலைத்தது. சம்பளத்துக்கு ஆடும் கிளப் ஆனது. லுத்விகஸ் பயிற்சியாளன், நான் பஸ் ஓட்டி. ஒரு குளிர்காலம் சம்பளம் பாலாடைக்கட்டியாக வந்தது. ஆட வந்த முதல் அமெரிக்கப் பையன் பீட்ரூட் சூப்பின் நிறத்தைப் பார்த்துவிட்டு, "குடிக்கணுமா, சுவத்துல அடிக்கணுமா?" என்றான். சிறிய ஊர்தான். ஆட்ட நாளில் தேவாலயத்தில் பாதிரியார்கூட இருக்கமாட்டார்.

பிறகு தொண்ணூற்றேழு.

உள்ளூர்ப் பையன்களை ஏன் உட்காரவைக்கிறாய் என்று பஸ்ஸிலேயே அவனோடு சண்டை போட்டேன். மறுநாள் காலை சமாதானம் பேச வந்தான். காரை அணைக்கவில்லை. வெளியே நின்றபடியே கையை நீட்டினான். வாசற்படிக்கு உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக நின்று கை கொடுத்தால் உறவு முறியும் — எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். கையை இழுத்துக்கொண்டு "உள்ள வா" என்றேன். காதில் விழவில்லையோ? முகம் கறுத்துத் திரும்பிப் போனான். பஸ்ஸுக்கு வேறு ஆள் வந்தான்.

உறவு முறியக் கூடாதென்று இழுத்த கை! போய்ச் சொல்லியிருக்கலாம். அவன் வரட்டுமே என்றிருந்தேன். அவனும் அப்படியே இருந்திருப்பான்.

நவம்பர் 2

இறந்தோர் நாள். கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவத்தி. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் ஏற்றினேன், இரண்டிரண்டு பூவும் வைத்தேன். லுத்விகஸின் மகள் ரமூனே சக்கர நாற்காலியில் அவனைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவன் இவ்வளவு சின்ன ஆளா? அவன் வேறு பக்கம் பார்த்தான். நானும்.

போகும்போது ரமூனே என் காதோரம், "அப்பா உங்களைத் தெனம் திட்டறாரு மாமா. ஒரு நாள் விட்டதில்ல" என்றாள்.

ஒரு நாள்கூட விட்டதில்லையாம்.

நவம்பர் 11

அவன் வீட்டுக்கே போய்விட்டேன். ரமூனே கதவைத் திறந்தாள். உள்ளே நாற்காலியில் அவன். வெளியே நின்றபடியே கையை நீட்டிவிட்டேன் — நான்!

"வாசப்படியிலயா கை குடுக்கற? கிறுக்கா உனக்கு? உள்ள வாடா!"

உள்ளே போனேன். "அன்னைக்கு நானும் இதத்தான்டா சொன்னேன்."

"என்னைக்கு?"

"நீ கார அணைக்காம வந்து நின்னியே, அன்னைக்கு."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "கொஞ்சம் ஒரக்கச் சொல்லியிருக்கக் கூடாதா, மரவெட்டி" என்றான். சிரித்தான். அது அழுகையாகிவிட்டது. ரமூனே கருப்பு ரொட்டியும் உப்பு மீனும் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டாள்.

கடைசி ஆட்டத்துக்கு நான்தான் நாற்காலியைத் தள்ள வேண்டுமாம்.

"பஸ்ஸு மாதிரி ஓட்டாத."

நவம்பர் 12

நல்ல தூக்கம்.

டிசம்பர் 9

விடியலில் லுத்விகஸ் போய்விட்டான். இந்த வாரம் மட்டும் பொறுத்திருக்கக் கூடாதாடா?

டிசம்பர் 15

தோற்றோம். நின்று கைதட்டினார்கள், ஜெயித்ததுபோல. நடு வட்டத்தில் நான் தனியாக. மேலாளர் எனக்கு ஐந்து கார்னேஷன் பூ, அவனுக்கென்று வாங்கிய ஐந்து, இரண்டையும் சேர்த்து என் கையில் திணித்தான். பத்து! அரங்கு சட்டென்று அடங்கிப்போயிற்று. உயிரோடிருப்பவன் கையில் யாராவது, செத்தவனுக்கு வைப்பதுபோல, இரட்டைப்படையில் பூ கொடுப்பார்களா? பாவம், பையன் காதுவரை சிவந்துவிட்டான்.

விளக்கை அணைத்தார்கள். கிளப் முடிந்தது.

டிசம்பர் 16

பூக்களை மேசையில் பரப்பினேன். அவன் ஐந்தை அவனுக்கே வைக்கலாமென்றால், செத்தவனுக்கு ஐந்து ஆகாது. நாலு வைத்தால் என்னிடம் ஆறு. நான் இன்னும் சாகவில்லையே. எப்படிப் பிரித்தாலும் ஒன்று இடிக்கிறது. கடைசியில் நாலு அவனுக்கு, ஐந்து எனக்கு. மிச்சம் ஒன்று. ஒற்றை. உயிரோடிருக்கும் யாருக்கோ சேரவேண்டியது. யாருக்கு? கொட்டகைக் காலத்து ஆட்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். எல்லோருக்கும் மெழுகுவத்தி ஏற்றியாயிற்று. ஒருத்திக்கு ஏற்றவில்லை.

கல்லறையில் நாலை வைத்துவிட்டு நேரே முதியோர் இல்லம். படி தாண்டி உள்ளே போய்த்தான் பூவைக் கொடுத்தேன். அவளுக்கு ஆளைத் தெரியவில்லை. முகர்ந்து பார்த்தாள்.

"உன் நம்பர் என்ன?"

"ஒம்பது."

"திரும்பு."

திரும்பினேன். கோட்டின் முதுகில் விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தாள்.

"நேராத்தான் இருக்கு" என்றாள் ஸ்தெஃபானியா.