பந்தி முடியட்டும், அத்தை

முப்பது வருஷம் என் அடுப்படியில் நின்று உப்புப் பார்த்த என் அத்தைக்கு,

வடிவு எழுதுகிறேன். நீங்கள் இருந்தபோது உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருக்கிற மாமியாருக்கு எந்த மருமகள் கடிதம் எழுதுவாள்? இப்போது நீங்கள் எதிர்ப்பேச்சுப் பேச முடியாத இடத்தில் இருக்கிறீர்கள். எனக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. செத்தவர்களைப் பற்றிப் புறம் பேசக்கூடாது என்பார்கள். நான் புறம் பேசவில்லை, உங்களிடமேதான் பேசுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. அம்பாசமுத்திரத்தில் இந்த வருஷம் மழைக்குக் குறைவில்லை, ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. உரக்கடை ஓடுகிறது. உங்கள் கட்டிலை மாடிக்கு ஏற்றிவிட்டேன், அந்த இடத்தில் இப்போது பிரிட்ஜ் நிற்கிறது. நாளைக்கு உங்களுக்கு முதல் வருஷத் திவசம். காலையில் பாபநாசம் படித்துறையில் உங்கள் மகன் பிண்டம் வைக்கிறார். மதியம் வீட்டில் நாற்பது பேருக்குச் சாப்பாடு. நீங்கள் ஒரு நாளும் வாயில் வைக்காத என் தடியங்காய்க் கூட்டும் இலையில் உண்டு. என்ன செய்வீர்கள்?

நாங்கள் சுவிட்சர்லாந்து போய்வந்த கதையை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லத்தான் நீங்கள் இல்லையே. ஆகவே நானே சொல்லுகிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

உங்களுக்கு நினைவிருக்கும். போன வருஷம் கடையில் உரம் அதிகம் விற்றதற்காகக் கம்பெனிக்காரர்கள் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வார வெளிநாட்டுப் பயணம் கொடுத்தார்கள். கல்யாணமான நாள் முதல் நான் குற்றாலத்தைத் தாண்டியவள் இல்லை. குற்றாலத்துக்கும் நீங்கள் கூட வந்தீர்கள். உங்கள் மகன் போய்வரலாம் என்று சொன்னவுடன் நீங்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"உனக்கு எதுக்குட்டி பனி? அந்த ஐஸ்பெட்டியத் தொறந்து பாத்தா போதாதா? பிள்ளையா குட்டியா, காட்டிட்டு வாறதுக்கு?"

பிள்ளை இல்லாததைச் சொல்லாமல் உங்களுக்கு ஒரு பேச்சு முடியாது. உங்கள் துணிகளை மடித்துப் பையில் வைத்து, சேரன்மகாதேவியில் உங்கள் மகள் கோமதி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். படியேறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். விழுந்துவிடுவோம் என்ற பயம், பாசம் ஒன்றுமில்லை. ஆனாலும் கை சூடாக இருந்தது.

அங்கே முதல் இரண்டு நாள் ஊர் சுற்றியதை என்னவென்று சொல்ல! மாட்டுக்குக் கழுத்தில் குடம் அளவு மணி. ரோட்டில் ஒரு தாள் கிடக்கவில்லை. ரயில் சொன்ன நேரத்துக்கு வருகிறது, அதைப் பார்த்து உங்கள் மகனுக்கு வந்த கோபம் இருக்கிறதே! "இப்படிலா இருக்கணும், இப்படிலா இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு கடையில் வாழைப்பழத்தை அமுக்கிப் பார்த்து, "இத நம்ம களக்காட்டுக்காரன்ட்ட காட்டினா மாட்டுக்குப் போட்டுருவான்" என்றார். நான் சிரித்தேன். அவரோடு தனியாக நின்று சிரிக்க எனக்கு ஐம்பத்திரண்டு வயது ஆகவேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் பனிமலை. கம்பியில் தொங்கிக்கொண்டு மேலே போகிற வண்டியில் ஏறுகிற இடத்துக்கு ஒன்பது மணிக்கே கூட்டிப்போனார்கள். அவருடைய பட்டன் போன் அங்கே வேலை செய்யாது, கம்பெனிக்காரர்கள் கொடுத்த சிம் என் போனில்தான் இருந்தது. அவர் பத்தடி தள்ளி ஒரு கடையில் கையுறை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. கோமதி.

"மதினி, அம்மா போயிட்டா மதினி. காப்பி குடிச்சிட்டே இருந்தா, அப்படியே சாஞ்சிட்டா. அண்ணன்கிட்ட போனக் குடுங்க."

நான் போனைக் கொடுக்கவில்லை, அத்தை.

கோமதியின் நிச்சயதாம்பூலம் நடந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. காலை எட்டு மணிக்கு அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். களக்காட்டிலிருந்து என் சித்தப்பா மகன் வந்து வீட்டுக்கு எதிரே தெருவிலேயே உங்களைப் பார்த்தான். என் அப்பா விடியற்காலையில் இறந்துபோயிருந்தார். நீங்கள் அவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்காமல், வாசலுக்கும் விடாமல், என்ன சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள்? அவன் பிறகு என்னிடம் சொன்னதை அப்படியே சொல்லட்டுமா?

"பந்தி முடியட்டும், நானே சொல்லிக்கிடுதேன். அவ வர நேரமாவும். காத்திருக்காண்டாம், எடுத்துருங்க."

திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி வடிவு, பாயசத்த நீ ஊத்து, உன் கை ராசியான கை" என்றீர்கள். அன்றைக்குத்தான் முதல் தடவை என்னைப் புகழ்ந்தீர்கள். நான் பூரித்துப்போய் அறுபது இலைக்குப் பாயசம் ஊற்றினேன். அப்பா அங்கே நடுவீட்டில் கிடந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் போனபிறகு நான்கு மணிக்கு, "உங்கப்பாவுக்கு மேலுக்குச் சொகமில்லையாம், ஒரு எட்டு பாத்துட்டு வா" என்றீர்கள். நானும் உங்கள் மகனும் பஸ் பிடித்துப் போனோம். போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள், முற்றம் ஈரம். அப்பா படுத்த கட்டிலும் கழுவிச் சுவரில் சாத்தியிருந்தது. ஆம்பளைகள் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்துகொண்டிருந்தார்கள். அப்பாவைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்க மகள் என்று நான் ஒருத்திதான். என் குடத்தைப் பக்கத்து வீட்டுப் பெண் சுமந்தாளாம். அப்பா முகத்தை நான் பார்க்கவே இல்லை. பாவி, நீங்கள் நல்லாயிருந்தீர்களே, எண்பத்தோரு வயது வரை நல்லாயிருந்தீர்களே!

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒண்ணும் இருக்காது, பைய போவோம்" என்று சொல்லிக்கொண்டு வந்தாரே உங்கள் மகன், அவருக்குத் தெரியுமா, தெரியாதா? முப்பது வருஷமாக நான் கேட்கவில்லை. தெரியும் என்று அவர் சொல்லிவிட்டால் பிறகு நான் அவருக்கு எப்படிச் சோறு போடுவேன்?

ஆகவே அந்த மலையடிவாரத்தில், போனைக் காதில் வைத்துக்கொண்டு, நான் கோமதியிடம் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வார்த்தைகள் வரிசையாக வந்தன.

"அண்ணன் தலையில கைய வச்சு உக்காந்துட்டாவ. பேசுற நெலமையில இல்ல. நாங்க வர நேரமாவும். காத்திருக்காண்டாம்னு அவியதான் சொல்லுதாவ. எடுத்துருங்க."

"ஐஸ்பெட்டியில வச்சிருக்கோம் மதினி. மூணு நாள்னாலும் காத்திருப்போம். அண்ணன ஒரு வார்த்த பேசச் சொல்லுங்க மதினி."

"வேண்டாம் கோமதி. எடுத்துருங்க."

அமெரிக்காவிலிருந்து வருகிற பிள்ளைக்காக ஊரே நாலு நாள் காத்திருக்கிற காலம் இது. உங்களுக்கு அரை நாள்தான். உங்கள் மகன் கையுறையோடு வந்து, "யாரு போன்ல?" என்றார். "கோமதிதான். அத்த சொகமா இருக்காவளாம்" என்றேன்.

மேலே போனோம். எங்கே பார்த்தாலும் வெள்ளை, கண் கூசியது. அறுபது வயது மனுஷன் சின்னப்பிள்ளை மாதிரி பனியை அள்ளி அள்ளி வீசினார். பிறகு, "ஏட்டி, அம்மாவுக்குக் காட்டணும், படம் புடி" என்றார். பிடித்தேன். அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. உங்களுக்கென்று எடுத்தது, நீங்கள் பார்க்கவில்லை. அதில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்துகிறார்: "எம்மா! இங்கன பாருங்க! நீங்க சொன்ன ஐஸ்பெட்டிக்குள்ளதான் நிக்கேன்!"

அந்த நேரம் நீங்களும் அதற்குள்தான் இருந்தீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. மதியம் நன்றாகச் சாப்பிட்டேன். இனித்தது அத்தை. பொய் சொல்ல மாட்டேன், அந்த ஒரு நாள் எனக்கு இனித்தது.

மறுநாள் ஏரியில் படகுச் சவாரி. அதையும் விடவில்லை. அன்று சாயங்காலம் அவர் சாப்பிட்டுக் கை கழுவியபிறகு சொன்னேன்: "கோமதி இப்பதான் சொல்லுதா. அத்த நேத்தே போயிட்டாவளாம். எடுத்தாச்சாம்."

அவர் "கொள்ளி யாரு வச்சா?" என்றார். கோமதி மகன் என்றேன். "அப்போ நான் எதுக்குட்டி இருக்கேன்?" என்று சுவரில் நெற்றியை முட்டினார். தடுக்கப் போனேன், கை எழவில்லை. அப்பா வீட்டு முற்றத்தில் அன்றைக்கு நான் முட்டிக்கொண்டதும் இப்படித்தான். ஆனால் இது இனிக்கவில்லை.

ஊர் வந்து சேர்ந்தோம். கோமதி அஸ்திக் கலயத்தை ஆற்றில் கரைக்காமல், அண்ணன் வரட்டும் என்று வேப்பமரத்தில் கட்டிவைத்திருந்தாள். அவர் நேராக அவளிடம் போய், "எடுக்குமுன்ன ஒரு போன் பண்ணத் தோணலையாட்டி ஒனக்கு? ஒரு நாள் பொறுக்க முடியலையா?" என்று கத்தினார். தெருவே கூடிவிட்டது. நான் பின்னால் நின்றேன். அவள் வாயைத் திறந்தால் என் வாழ்க்கை அன்றோடு போச்சு.

கோமதி அண்ணனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, அது முகத்திலேயே தெரிந்தது.

"தப்புதாண்ணே. பதட்டத்துல ஒண்ணும் ஓடல" என்றாள்.

பதினாறாம் நாள் பாத்திரம் கழுவுகிற இடத்தில் அவளைத் தனியாகப் பிடித்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் சட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்குக் களக்காட்டு ஆளு வந்து அம்மாட்ட பேசினத மாடி ஜன்னல்ல இருந்து நானும் கேட்டேன் மதினி. எனக்குத் தலையில பூ வச்சிட்டு இருந்தாவ. சொன்னா நிச்சயம் நின்னுரும்னு வாயத் தொறக்கல. நீங்க பாயசம் ஊத்த வந்தப்போ என்னால ஒங்க மூஞ்சியப் பாக்க முடியல."

உங்களைத் திட்டலாம், நீங்கள் அப்படிப்பட்டவர். இவளைத் திட்ட முடியவில்லை. நான் முப்பது வருஷம் அடைகாத்த கோபத்தை அந்தச் சட்டித் தண்ணீரோடு கொட்டிவிட்டாள். அவள் மேல் எனக்கு வந்த எரிச்சல் உங்கள் மேல்கூட வந்ததில்லை.

அன்று முதல் உங்கள் மகன் தங்கச்சியோடு பேசுவதில்லை. இந்தத் தைக்குப் பொங்கல்படியும் கொடுக்கவில்லை. கரும்பும் மஞ்சள்குலையும் பச்சரிசியும் அண்ணன் வீட்டிலிருந்து வராத வீடு என்று அவள் தெருவில் பேச்சு. "எடுத்த பெறவு சொன்னவளுக்குச் சீர் ஒரு கேடா?" என்கிறார் இவர். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு தோசை வார்க்கிறேன். உங்களிடம் எத்தனையோ படித்தேன், இப்படி முகம் மாறாமல் நிற்கவும் படித்திருக்கிறேன்.

நேற்று கோமதி போன் செய்தாள். "படித்துறையில தூரமா நின்னு அம்மாவக் கும்பிட்டுட்டுப் போயிருதேன் மதினி. அண்ணன் கண்ணுல பட மாட்டேன்." ஐம்பது வயதுக்காரி, அம்மா திவசத்துக்குக் களவாணி மாதிரி வந்து நிற்கப்போகிறாள்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். நான் உடைத்தது எந்தக் குடம் என்று நாளைக்குத் தெரிந்துவிடும். சொல்லப்போகிறேன், அத்தை. போனில் நான் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் சொல்வேன். சொல்லிவிட்டு, அந்தப் பஸ்ஸில் வரும்போதே என் அப்பா போனது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று அவரையும் கேட்பேன். அதற்குப்பிறகு இந்த வீட்டில் நான் இருப்பேனா, இல்லை களக்காட்டுக்கு மூட்டை கட்டுவேனா, தெரியாது.

காலையிலேயே, பிண்டத்தை ஆற்றில் விடுமுன் சொல்லலாம். சொன்னால் கோமதியும் அண்ணன் பக்கத்தில் வந்து நிற்பாள், வெயிலில் தூரமாக நிற்கவேண்டியதில்லை. எனக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் வீட்டில் நாற்பது இலை போட்டிருக்கும், பாயசத்தை நான்தான் ஊற்றவேண்டும். உங்கள் வீட்டு முறை எனக்குத் தெரியாதா? இது சத்தியம், கட்டாயம் சொல்லிவிடுவேன்.

பந்தி முடியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கையில் பழகிய, ராசியான கைக்காரி,
மருமகள் வடிவு