நுளம்பு வழக்கு

17 மார்ச் 2025, திங்கள்

இன்று மாலை ஹம்பேர்க்கில் எங்கள் வீட்டில் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த தீர்மானம் ஒன்று நிறைவேறியது. அமெரிக்க அரசியலை இனிமேல் சாப்பிட்டு முடிந்த பிறகுதான் பேசுவது. முன்மொழிந்தவர் என் மனைவி கலாதேவி. எதிர்த்தவன் நான். மகள் நிருஷா நடுநிலை வகித்தாள். அவள் கைத்தொலைபேசியில் இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் கதைக்கத் தொடங்கினால் சொதி ஆறிப்போகுது. அவங்களுக்கு உங்களைத் தெரியுமோ?"

தெரியாது. ஆனால் நிருஷாவைத் தெரியும். நுளம்பு பரப்பும் டெங்கு போன்ற காய்ச்சல்களை ஆராய்பவள். செப்டெம்பரில் பொஸ்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும். சம்பளம் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதியிலிருந்து. ஒரே பிள்ளை. போனால் திரும்பி வருவாளா என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகப் பத்திரிகை வாசிக்கிறேன்.

3 ஏப்ரல், வியாழன்

நேற்று அமெரிக்காவில் உலகம் முழுவதற்கும் இறக்குமதி வரி அறிவித்துவிட்டார்கள். பென்குயின்கள் மட்டுமே வாழும் தீவுகளும் பட்டியலில் உண்டு. யாரையும் விட்டுவிடாத அரசு. பென்குயின்களுக்குப் பத்து வீதம், இலங்கைக்கு நாற்பத்து நான்கு. எங்கள் நாட்டை அவர்கள் சரியாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள்.

ஹம்பேர்க் துறைமுகத்தில் அமெரிக்கா போகும் சரக்குப் பெட்டிகளுக்குச் சுங்கப் பத்திரம் தயாரிப்பது என் வேலை. இன்று எல்லாவற்றையும் மாற்றினேன்.

10 ஏப்ரல்

வரியில் பெரும்பகுதியை நிறுத்திவைத்துவிட்டார்கள். மாற்றியதையெல்லாம் திரும்ப மாற்றினேன். இந்தக் கொள்கை வேலைவாய்ப்பைப் பெருக்கும் என்றார்கள். பெருக்கியிருக்கிறது.

5 மே, திங்கள்

நிருஷா சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்தாள்.

"காசை வெட்டிப்போட்டாங்கள், அப்பா."

காரணம் ஒரே வரி: இந்த ஆராய்ச்சி அரசின் முன்னுரிமைகளோடு இனிப் பொருந்தாது. நுளம்பு எந்தக் கட்சிக்கு வாக்களித்ததோ!

நான் அரை மணி நேரம் அந்த அரசைக் கண்டித்துப் பேசினேன். விஞ்ஞானம், மனிதகுலம், எல்லாம் வந்தது. சாப்பாட்டுக்கு முன்பே பேசினேன்; கலா தடுக்கவில்லை. நிருஷா தன் அறைக்குப் போனதும் சொன்னாள்:

"வாய் ஏசுது. முகம் சிரிக்குது."

சிரித்ததா? தெரியவில்லை. பிள்ளை இங்கேயே இருப்பாள் என்று ஒரு கணம் தோன்றியது — அவ்வளவுதான்.

22 மே

பொஸ்டனில் நிருஷாவை வேலைக்கு எடுத்த பேராசிரியை வேறு சிலரோடு சேர்ந்து அரசாங்கத்தின் மீது வழக்குப் போட்டிருக்கிறார். தன் பெயரை முதலாவதாகக் கொடுத்திருக்கிறார். இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தில் வாகனத் தரிப்பிடத்துக்காக ஒரு மனு எழுதியபோது எல்லோரும் இரண்டாவதாகக் கையெழுத்திடவே வரிசையில் நின்றோம்.

8 ஜூன், ஞாயிறு

ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழா. வடை வரிசையில் எங்கள் ஊர்த் தவராசா அண்ணை பிடித்துக்கொண்டார்.

"என்ன, உன்ரை அமெரிக்கா முடிஞ்சுது போலை?"

"முடியேல்லை அண்ணை. வழக்கு நடக்குது."

"எங்கடை ஊரிலை போட்ட வழக்குகளும் நடக்குதுதானே, முப்பது வருசமா."

நிருஷாவின் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்தோம். காசு கிடைக்க வேண்டும் என்று கலா கண்ணை மூடினாள். நானும் மூடினேன். நான் கேட்டது வேறு. ஒரே தட்டில் காமாட்சி அம்மனுக்கு இரண்டு விண்ணப்பங்கள், ஒன்றுக்கொன்று எதிராக.

19 ஜூன், வியாழன்

நீதிபதி அந்த வெட்டை நிறுத்திவிட்டார்.

தீர்ப்பை முழுவதும் வாசித்தேன். இந்த ஆராய்ச்சி ஏன் வேண்டாம் என்று நீதிபதி கேட்டிருக்கிறார். அரசாங்கத்தின் சட்டத்தரணி எழுந்து நின்று பதில் சொல்லத் திணறியிருக்கிறார். பதில் போதாது, காசைக் கொடு என்று நீதிபதி எழுதிவிட்டார். பின்னர் வீட்டுக்குப் போயிருப்பார். எங்கள் நாட்டைப் போல ஆளைக் கடத்த வாசலில் வெள்ளை வான் நின்றிருக்காது. உலகத்தின் ஆகப் பெரிய அரசாங்கத்திடம் ஒரு மாவட்ட நீதிபதி ஏன் என்று கேட்கிறார். அதுவும் பதில் சொல்ல வருகிறது. இதைக் கிண்டல் செய்ய எனக்கு வரவில்லை. ஏன் என்று கேட்க ஓர் இடம் எங்களுக்கு இருந்திருந்தால் ஹம்பேர்க் மழையை நான் படத்தில் மட்டுமே பார்த்திருப்பேன்.

20 ஜூன்

நேற்று எழுதியதை வாசித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தையும் தவறில்லை. அதுதான் பிரச்சினை.

சாப்பிட்டு முடிந்ததும் மெதுவாகத் தொடங்கினேன்.

"அவங்கள் அப்பீல் பண்ணுவாங்கள், பிள்ளை. காசு திரும்ப நிண்டால் என்ன செய்வாய்? இஞ்சையே ஒரு வேலை எடுக்கலாம்தானே."

"நிக்கலாம். நிண்டால் திரும்ப வழக்குப் போடுவினம்." கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "அப்பா, அப்பிடி ஒரு கோர்ட் உலகத்திலை இல்லையெண்டு நேற்று முழுக்கச் சொன்னது ஆர்?"

"நான்தான்."

"இப்ப இல்லையோ?"

கலா என்னைப் பார்த்தாள். இருவருக்கும் இடையில் நிருஷா நின்றாள், கையில் சொதிச் சட்டியோடு, பதிலுக்குக் காத்துக்கொண்டு. கேள்வி கேட்கும்போது அவள் குரலை உயர்த்துவதில்லை. எங்கே பழகினாளோ.

"ஓம், இப்பவும்தான்," என்றேன். "பொஸ்டனுக்குப் போட்டு வா."

நான் மேன்முறையீடு செய்யவில்லை.

30 ஓகஸ்ட், சனி

விமானம் நேரத்துக்குப் புறப்பட்டது. ஜேர்மனியில் இது செய்தி.

கலா அழுதாள். எனக்குத் தடிமன், மூக்கு ஒழுகியது.

14 செப்டெம்பர், ஞாயிறு

துணி காயப்போடும் ஸ்டாண்டை நிருஷாவின் அறைக்கு மாற்றினோம். அங்கே வெளிச்சம் அதிகம்.