ஒரு வருஷம் என்றால் எத்தனை நாள்

அவர் போய் முந்நூற்று இரண்டாம் நாள்

அன்புள்ள அண்ணிக்கு, உங்கள் தம்பி பெண்டாட்டி எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. மற்றதைக் கேட்காதீர்கள். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது?

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்று உங்களுக்குத் தெரியும். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள், திருப்பி அனுப்பாதீர்கள்.

சேதி உங்களுக்குத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது, அவரை எடுத்த மூன்றாம் நாள் நீங்கள் வந்தீர்கள். தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லையே என்று கேட்டீர்கள். நான் வாய் திறக்கவில்லை. "இன்னும் ஒரு வருஷத்துக்கு உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று நடுவீட்டில் நின்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டீர்கள். ஏழு ஜென்மத்துக்கும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வருஷத்தோடு நிறுத்தினீர்கள், அது உங்கள் நல்ல மனசு.

அந்த வருஷத்தைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கடிதம். ஓட்டலில் படுக்கை விரிப்பு துவைத்து மடிக்கிற இடத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. அங்கே சுவரில் நாளுக்கு ஒரு கோடு போட்டு வருகிறேன். துவைக்கிற மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர் அதைப் பார்த்துவிட்டு என்ன ஏது என்று விசாரித்தார். சொன்னேன். அவர் வேறு மதம். "உங்களுக்கு எதுக்குக்கா முந்நூத்தி அறுபத்தஞ்சு? எங்க வருஷம் முந்நூத்தி அம்பத்தி நாலுதான். நிலா பன்னெண்டு சுத்து வந்தா முடிஞ்சுது" என்றார்.

அண்ணி, பதினோரு நாள் லாபம். உங்களுக்குச் சம்மதம் என்றால் நாம் அந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளலாம். கோபத்துக்கு மதம் கிடையாதே.

பதில் போடுங்கள். வெறும் தாளை மடித்து அனுப்பினாலும் போதும்.

உங்கள் தம்பி பெண்டாட்டி


நான் சொன்ன சொல்லுக்கு முந்நூற்று ஆறாம் நாள்

தம்பி பெண்டாட்டிக்கு,

தேதி போட்டிருக்கிற லட்சணத்திலேயே மூன்று நாளை முழுங்கப் பார்க்கிறாய். வருஷம் அவன் போன நாளில் இருந்து இல்லை, நான் வாய் திறந்த நாளில் இருந்து.

உன் மெஷின்காரர் நல்ல மனிதராக இருக்கலாம். ஆனால் எங்கள் தெரு நூலகக்காரரிடமும் புத்தகம் இருக்கிறது. நிலாவைப் பார்த்து எண்ணுகிற வேறு ஆட்கள் இருக்கிறார்களாம். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாதத்தை நடுவில் சொருகிவிடுவார்களாம். அப்படிப்பட்ட வருஷத்துக்கு முந்நூற்று எண்பத்து நான்கு நாள். நிலாதான் வேண்டும் என்றால் நான் அந்த நிலாவை எடுத்துக்கொள்கிறேன். நீ பதினொன்று குறைத்தாய், நான் பத்தொன்பது கூட்டிவிட்டேன். இன்னும் பேரம் பேசினால் இன்னும் கூட்டுவேன்.

அவன் உனக்குப் புருஷனாக வந்தது பின்னால். என் இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்தது முன்னால். கடைசியாக ஒரு தடவை அவன் முகத்தைப் பார்க்க விடவில்லை நீ. அதற்குக் காரணம் சொல்லு. நாள் கணக்கு அப்புறம் பேசலாம்.

முட்டிவலி அப்படியே இருக்கிறது.

அவனுடைய அக்கா


அவர் போய் முந்நூற்றுப் பதினாறாம் நாள்

அன்புள்ள அண்ணிக்கு,

தாழ்மையுடன் எழுதுவது. மூன்று நாளை முழுங்கியது தப்புதான்.

விரிப்பு மடிக்க இரண்டு ஆள் வேண்டும். எனக்கு எதிர்முனை பிடிக்கிறவள் தூரதேசத்துக்காரி. அவர்களுக்கு வருஷத்துக்குப் பதின்மூன்று மாதமாம். கடைசி மாதத்துக்கு ஐந்தே நாள். ஐந்து நாளெல்லாம் ஒரு மாதமா என்று கேட்டுவிட்டேன். "நீ குள்ளமாத்தான் இருக்க. அதுக்காக நீ மனுஷி இல்லையா?" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். அவர்கள் நாட்டில் வருஷ எண்ணே நமக்கு ஏழு எட்டு பின்னால் ஓடுகிறது என்றும் சொன்னாள். அவர் செத்துப்போன வருஷம் அங்கே இன்னும் வரவே இல்லை அண்ணி. அந்தக் கணக்கில் அவர் இப்போது செருப்போடு வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறார், நான் பின்னாலேயே துடைப்பத்தோடு திட்டிக்கொண்டு போகிறேன். உன் ஊருக்கு டிக்கெட் எவ்வளவு என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. விரிப்பைக் கீழே போட்டுவிட்டு வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். துவைத்த துணி தரையில் கிடக்கிறது என்று மேஸ்திரி இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தார்.

காரணம் கேட்டிருந்தீர்கள். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன்.

குழாய் போடுவதற்காக ஆஸ்பத்திரியில் அவருடைய பல் செட்டைக் கழற்றிவிட்டார்கள். முன்பல் நான்கும் கட்டின பல். நான் உங்களுக்கு ஆள் அனுப்பக் கிளம்பினேன். அவர் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அக்காவுக்கு இப்பச் சொல்லாத. பொக்கை வாயோட பார்த்தா சிரிப்பா. பல்லை மாட்டினதும் சொல்லு" என்றார். அப்போது பார்க்க அவ்வளவு தெம்பாகத்தான் இருந்தார். நாளைக்கு மாட்டுவார்கள், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். நாளைக்கு என்பது அவருக்கு வரவில்லை.

செத்தவர் மேல் பழியைப் போட வாய் வரவில்லை. அவர் சொல்லைக் கேட்டிருக்கக்கூடாது. இருபத்தாறு வருஷத்தில் அவர் சொன்னதை ஒரு தடவைதான் அப்படியே கேட்டேன், அதுவும் இப்படி ஆகிவிட்டது.

முந்நூற்று எண்பத்து நான்கே இருக்கட்டும். நான் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் தம்பி பெண்டாட்டி


தேதி போடவில்லை, நீயே போட்டுக்கொள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் சிரிப்பு வந்தது. அந்தப் பல் செட் விஷயம் எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும். சாப்பிடும்போது டக் டக் என்று சத்தம் கேட்கும். அவன் மனசு நோகுமே என்று காது மந்தம் மாதிரி நடித்தேன். அதை அவனிடம் ஒரு தடவை சொல்லித் தொலைத்திருந்தால் அவன் உன் முந்தானையைப் பிடித்திருக்க மாட்டான். உன் பேரில் மட்டும் இல்லை, என் பேரிலும் தப்பு இருக்கிறது.

நான்காம் நாள் நூலகக்காரரிடம் போய், இருப்பதிலேயே சின்ன வருஷமாகப் பார்த்துக் கொடு என்றேன். மனிதர் மத்தியானம் வரைக்கும் தேடினார். ஒரு நாட்டில் வருஷத்தை ராஜா பேரில்தான் எண்ணுவார்களாம். ராஜா போனால் அவர் வருஷமும் அன்றோடு சரி, அடுத்த ராஜாவுக்கு முதல் வருஷம் பிறந்துவிடும். ஒரு ராஜா வருஷம் பிறந்து ஏழாம் நாளே போய்ச் சேர்ந்துவிட்டாராம். அந்த வருஷத்துக்கு மொத்தமே ஏழு நாள்.

நான் ஒரு வருஷம் என்றுதான் சொன்னேன். எந்த ஊர் வருஷம் என்று சொன்னேனா? நான் சொன்னது இந்த ஏழு நாள் வருஷம்தான். அது முடிந்து பத்து மாதம் ஆகிறது. இத்தனை நாளும் வா என்று ஒரு வார்த்தை கூப்பிடாமல் இருந்தது நீ. அதற்கு என்ன பதில் சொல்லப்போகிறாய் என்று யோசித்து வை.

ஞாயிற்றுக்கிழமை பகல் வண்டியில் வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு வராதே. நடுரோட்டில் இரண்டு பொம்பளைகள் கட்டிக்கொண்டு அழுதால் போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று பார்ப்பான். வீட்டிலேயே இரு, வந்து வைத்துக்கொள்ளலாம்.

ஒரு மாதம் இருப்பேன். உன் எதிர்முனைக்காரியின் ஐந்து நாள் மாதம் என்று நினைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அக்கா