இரண்டாம் சரணத்தில் முந்தினவள்

சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பும் அவசரத்தில், கணவனுக்கு ஒரு சீட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள் ஜெபிஷா.

"ஜாபஸ், மீன் குழம்ப சூடு பண்ணிக்கோ. கள்ளிக்குப்பம் வரைக்கும் போனா சாவிய பக்கத்து ஊட்டு ராணிக்காகிட்ட குடு."

எழுதியும் ஆத்திரம் அடங்கவில்லை. பாட்டைத் துல்லியமாகக் கேட்க லேப்டாப்புக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் மாட்டும் தீப்பெட்டி அளவு யுஎஸ்பி ஆம்ப் ஒன்றை வாங்கியதிலிருந்து, குழுவோடு அவள் பாடிய ஈஸ்டர் பாட்டையே அவன் கேட்டுக்கொண்டிருந்தான். "சகாயமேரி மூச்சு இழுக்கிறதுகூட கேக்குதுப்பா!" என்று குழுவில் பாடும் இன்னொருத்தியைப் பற்றி நேற்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். மனைவியின் குரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேனாவை அழுத்தினாள்.

"உன் ஆம்ப்ப மாட்டி நானும் கேட்டேன். சகாயமேரி நல்லாதான் பாடுறா, போ. ரெண்டாவது சரணத்துல, 'யாரு இவ, முந்திக்கினு ஆரம்பிக்கிறா?'ன்னு சிரிச்சியே, அது நான்தான்."

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். சீட்டின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதினாள்.

"ஆம்ப் ஒயர் என் பையில கீது. இன்னிக்கி லேப்டாப் ஸ்பீக்கர்லயே கேளு. அதுல எவளும் மூச்சு உடமாட்டா."