டேனியைக் கொடுப்பதா

ஏப்ரல் 17, 1998. வெள்ளி இரவு, ஐசலின், அமெரிக்கா.

நாளைக் காலைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். என் பிள்ளை சோற்றைத் தொடவே இல்லை. என் கணவர் காலமான பிறகு, அவர் நடத்திவந்த பையன்களின் பேஸ்பால் டீமை இவன்தான் பார்த்துக்கொள்கிறான். பந்து வீசுகிற டேனியைக் கொடுத்தால், பக்கத்து ஊர் டீம் நன்றாக அடிக்கிற இரண்டு பையன்களைத் தருகிறதாம்.

"இப்பதாம்மா அவனுக்கு டிமாண்ட். நாளைக்குக் கை வலின்னு உக்காந்துட்டா யாரு கேப்பா?"

"பிஞ்சுலயே பறிச்சுட்டா காய்க்கு எங்கடா போவ? ரெண்டு வருஷம் போகட்டும்."

"இங்க பந்து போட நாலு பேர் இருக்காங்க. அவனுக்கு முறையே வராது. அங்க போனா எல்லா மேட்சும் போடுவான். நீ டேனிக்காகச் சொல்றியா, அப்பாவுக்காகவா?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். டேனி அவர் பழக்கிய பையன். பந்தை விட்டதும் அவரைப் போலவே மணிக்கட்டை உதறுவான். அதைப் பார்க்கத்தான் நான் மைதானத்துக்கே போகிறேன்.

படுத்தால் தூக்கம் வரவில்லை. பிள்ளையின் அறைக் கதவைத் தட்டினேன்.

"குடுத்துடு. ஆனா அவன் ஆடுற அன்னிக்கெல்லாம் என்னைக் கூட்டிட்டுப் போகணும்."

"நமக்கு எதிரா ஆடினா? அவனுக்கா கை தட்டுவ?"

"தட்டுவேன்டா."

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்ப எனக்கு யாரும்மா தட்டுவா?" என்றான்.